கும்பாபிஷேக வீடியோவை எந்தத் தட்டில் எழுதி வைப்பது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் ஐயா அவர்களுக்கு,

வணக்கம். பழைய வீடியோ நாடாக்களை டி.வி.டி.க்கு மாற்றிப் பத்திரப்படுத்தச் சொல்லி உங்கள் ஞாயிறு இதழில் வந்த கட்டுரையை ரங்கூனில் எங்கள் வீட்டில் எல்லோரும் படித்தோம். நல்ல யோசனை. ஆனால் ஒரு டி.வி.டி. வாங்கி எழுதி வைத்தால் போதும் என்று ஒரே வரியில் முடித்துவிட்டார் கட்டுரையாளர். எந்த டி.வி.டி., அதை எப்படி எழுதுவது, எங்கே வைப்பது என்பதில்தான் காரியமே இருக்கிறது. அதைச் சொல்லாமல் விட்டால் ஜனங்கள் கடையில் கிடைத்ததை வாங்கி எழுதி, நாடாவையும் தூக்கிப் போட்டுவிடுவார்கள். சில ஆண்டில் தட்டும் போய்விடும். பிறகு இரண்டும் இருக்காது. அந்தக் கவலையில்தான் இத்தனை நீளமாக எழுதுகிறேன்.

வீடியோ எங்கள் குடும்பத் தொழில். அண்ணன் கேமரா பிடிப்பார். எடிட்டிங், மாஸ்டர் (காப்பிகளுக்கெல்லாம் மூலமாக வைக்கும் முதல் தட்டு) தயாரிப்பு, காப்பி போடுவது எல்லாம் என் பொறுப்பு. கல்யாணம், காதுகுத்து, சடங்கு, தீமிதி, கும்பாபிஷேகம் என்று ரங்கூனிலும், பெகு, தாட்டோன், மோல்மேன் பக்கத்துத் தமிழ்க் கிராமங்களிலும் எடுக்கிறோம். இந்தக் காலத்தில் யார் டி.வி.டி. கேட்கிறார்கள் என்று தமிழ்நாட்டு வாசகர்களுக்குத் தோன்றலாம். இங்கே கேட்கிறார்கள். இணையம் வரும் நாளும் உண்டு, வராத நாளும் உண்டு. கைப்பேசியில் வாங்கிய வீடியோ கைப்பேசி பழுதானதும் போய்விடுகிறது. கிராமத்தில் பெரியவர் வீட்டில் ஒரு சீன பிளேயரும் ஒரு பாட்டரியும் இருந்தால், தட்டைப் போட்டுத் தெருவே உட்கார்ந்து பார்க்கும்.

அண்மையில் ஐராவதி டெல்டாப் பக்கத்துக் கோயில் ஒன்றிலிருந்து தலைவரும் குருக்களும் வந்திருந்தார்கள். 12 ஆண்டு முடிந்து அடுத்த கும்பாபிஷேகம் வருகிறது. போன முறை யாகசாலையை எந்தப் பக்கம் போட்டார்கள், எத்தனை குண்டம் அமைத்தார்கள், கடம் எந்த வழியாகச் சுற்றி வந்தது என்று பார்க்க வேண்டும். அன்று முன்னின்று நடத்திய சிவாச்சாரியார் இப்போது உயிரோடு இல்லை. எழுதி வைத்த குறிப்பும் இல்லை. வீடியோ இருக்கிறதே என்ற தைரியத்தில் இருந்திருக்கிறார்கள். வேறொருவர் எடுத்துக் கொடுத்தது அது. 'மாஸ்டர்' என்று கொட்டை எழுத்தில் எழுதிய ஒரு தட்டு, கூடவே மூன்று காப்பி. காப்பிகளில் இரண்டைப் பிளேயர் ஏற்கவே இல்லை. மாஸ்டர் ஓடியது. கணபதி ஹோமம், யாகசாலை பூஜை, கடம் புறப்பாடு வரை நன்றாக வந்தது. குருக்கள் கடத்தோடு சாரத்தில் ஏறும் இடத்தில் படம் கட்டம் கட்டமாக உடைந்து நின்றுவிட்டது. "அம்மா, அடுத்ததுதானே முக்கியம்" என்றார் தலைவர். அந்தக் கூட்டத்தில் நின்ற தம் தாயாரும் அந்தப் பகுதியில்தான் வருவார் என்றார்.

ஏன் அங்கே போய் நின்றது என்று அவர்களுக்கு விளக்கினேன். அதையே இங்கும் எழுதுகிறேன்.

கடையில் வாங்கும் சினிமா டி.வி.டி. அச்சில் அழுத்திச் செய்தது. அதன் குழிகள் பிளாஸ்டிக்கிலேயே பதிந்தவை. நாம் வாங்கும் பிளாங்க் தட்டு, அதாவது எழுதாத வெறும் தட்டு, அப்படியல்ல. இரண்டு மெல்லிய பிளாஸ்டிக் தகடுகள், ஒவ்வொன்றும் 0.6 மில்லிமீட்டர், நடுவில் ஒரு சாயப் பூச்சும் அதன் மேல் பளபளக்கும் உலோகப் படலமும். தட்டில் எழுதும் கருவியான ரைட்டரின் லேசர் அந்தச் சாயத்தைச் சுட்டு மாற்றுகிறது. நம் வீட்டுக் கல்யாணம், கோயில் காரியம் எல்லாம் அந்தச் சாயத்தில்தான் இருக்கிறது. வெயிலும் சூடும் ஈரமும் சாயத்தைக் கெடுக்கும். சாயம் நல்லதாக இருந்து சீராகப் பூசியிருந்தால் தாங்கும். மட்டமான ஆலையில் பூச்சு வெளி ஓரத்துக்குப் போகப் போகத் தரம் குறையும். இரண்டு தகடுகளை ஒட்டிய பசை முதலில் விடுவதும் ஓரத்தில்தான், ஈரம் நுழைவதும் அங்கேதான். டி.வி.டி.யோ உள் வளையத்தில் தொடங்கி வெளியே நோக்கி எழுதப்படுவது. நம் விழாக்களில் முக்கியமான நேரம் கடைசியில் வருகிறது. காலையிலிருந்து நடந்ததை வரிசையாக எடிட் செய்து ஒரே தட்டில் விளிம்பு வரை நிரப்பினால், கலசத்தில் புனித நீர் விழும் காட்சி தட்டின் மிக மோசமான இடத்தில்தான் போய் உட்காரும். கும்பாபிஷேகத் தட்டில் அபிஷேகமும், தீமிதித் தட்டில் பூக்குழி இறங்குவதும் முதலில் போய்விடுவது இதனால்தான்.

ஆகையால் நான் ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். டி.வி.டி.யில் 4.7 ஜி.பி. என்று போட்டிருந்தாலும் கணினிக் கணக்கில் ஏறத்தாழ 4.37 தான் வரும். மாஸ்டரில் 4 ஜி.பி.யைத் தாண்டி எழுதுவதில்லை. நிகழ்ச்சி நீளமானால் இரண்டு தட்டாகப் பிரிக்கிறேன். கடம் புறப்பாட்டோடு முதல் தட்டு முடியும். அபிஷேகம் இரண்டாம் தட்டின் உள் வளையத்தில் தொடங்கும். "ஒரே தட்டில் போட்டுக் கொடுங்கள் அக்கா" என்று கேட்பவர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்கிறேன். படத்தின் தரமும் கெடாது. இரண்டு மணி நேரத்தை ஒரு தட்டில் திணித்தால் வினாடிக்கு 5 மெகாபிட் அளவுதான் கிடைக்கும். மேளம் அடிக்க, பூ தூவ, கூட்டம் அசைய, அந்த அளவில் படம் கலங்கிவிடும். ஒரு மணி நேரத்துக்கு ஒரு தட்டு என்றால் 8 வரை தாராளமாகக் கொடுக்கலாம். இரட்டை அடுக்குத் தட்டில் 8.5 ஜி.பி. பிடிக்கும் என்பது உண்மை. ஆனால் பழைய பிளேயர்கள் அடுக்கு மாறும் இடத்தில் திணறும். விலையும் அதிகம். மாஸ்டருக்கு நான் அதைத் தொடுவதில்லை.

இனி எந்தத் தட்டு என்ற கேள்வி. உறையில் உள்ள பெயரைப் பார்த்து வாங்குவது போதாது. பெயர் பெற்ற கம்பெனிகள் பலவும் தட்டைத் தாமே செய்வதில்லை. தைவானின் சி.எம்.சி., ரைடெக் போன்ற ஆலைகளில் செய்வித்துத் தங்கள் பெயரைப் போட்டுக்கொள்கின்றன. ஒரே கம்பெனியின் ஒரே டப்பா, இந்த மாதம் வந்தது ஒரு ஆலைச் சரக்கு, அடுத்த மாதம் வந்தது வேறு ஆலைச் சரக்கு என்று இருக்கும். உண்மையைச் சொல்வது தட்டுக்குள்ளேயே ஆலையில் பதித்து அனுப்பும் குறி. வெறும் தட்டைக் கணினியில் போட்டு, இம்க்பர்ன் என்ற இலவச மென்பொருளைத் திறந்தால் வலப்பக்கத்தில் அது தெரியும். 'எம்.சி.சி. 03ஆர்.ஜி.20' என்று இருந்தால் மிட்சுபிஷியின் அஸோ சாயம். வெர்பாட்டிம் பெயரில் வருவது. 'டி.ஒய்.ஜி.03' என்றால் ஜப்பானின் தையோ யூடென். இந்த இரண்டும் எங்கள் தொழிலில் மாஸ்டருக்குப் பேர் போனவை. வெர்பாட்டிம் என்று போட்டிருந்தாலே போதும் என்றும் நினைக்கக்கூடாது. அதே பெயரில் அஸோ என்று போட்ட டப்பாவும் உண்டு, போடாத மலிவு டப்பாவும் உண்டு. தட்டின் அடிப்புற நிறத்தைப் பார்த்தே நல்லது கெட்டது சொல்கிறேன் என்பவர்கள் இருக்கிறார்கள். சி.டி. காலத்தில் அதில் ஓரளவு அர்த்தம் இருந்தது. டி.வி.டி.யில் எல்லாமே ஊதா. நிறம் எதையும் காட்டாது.

இப்போது இன்னொரு சங்கடம். நல்ல தட்டு செய்தவர்கள் ஒவ்வொருவராகக் கடையை மூடிவிட்டார்கள். 1988-ல் எழுதும் சி.டி.யை உருவாக்கிய தையோ யூடென் 2015-ஆம் ஆண்டோடு தட்டுத் தொழிலை விட்டது. வெர்பாட்டிமை மிட்சுபிஷி 2019-ல் சி.எம்.சி.க்கு விற்பதாக அறிவித்தது. மலிவு விலைத் தமிழ்ப்பட டி.வி.டி.களால் உங்கள் வாசகர்கள் எல்லோருக்கும் தெரிந்த மோசர் பேயர், பிளாங்க் தட்டுகளும் ஏராளமாகச் செய்த கம்பெனி. 2018-ல் அதைக் கலைக்க உத்தரவாயிற்று. புளூரே தட்டுகளை பானசோனிக் 2023 பிப்ரவரியிலும் சோனி 2025 பிப்ரவரியிலும் நிறுத்திவிட்டன. ஆகவே இன்று ஒருவர் தையோ யூடென் தட்டு என்று விற்றால், ஒன்று அது பல ஆண்டுகள் கிடங்கில் கிடந்த பழைய சரக்கு, அல்லது போலி. எழுதாத தட்டுக்கும் ஆயுள் உண்டு. 5 முதல் 10 ஆண்டு என்றுதான் தயாரிப்பாளர்கள் சொல்லி வந்தார்கள். அதுவும் குளிர்ச்சியான கிடங்கில். தகரக் கூரைக்குக் கீழே சித்திரை வெயிலைப் பார்த்த டப்பாவுக்கு அந்தக் கணக்குப் பொருந்தாது.

ரங்கூனில் எங்களுக்கு வரும் சரக்கு பெரும்பாலும் சீன எல்லையில் மூசே வழியாகவோ தாய்லாந்து எல்லையில் மியாவாடி வழியாகவோ வருவது. சென்னைக்குப் போய் வருபவர்கள் பர்மா பஜாரில் வாங்கி வருவதும் உண்டு. 1960-களில் இங்கிருந்து கப்பலேறிப் போன நம் ஜனங்கள் ஊன்றிய கடைத்தெரு அது என்பதால் அங்கே வாங்குவதில் எங்களுக்கு ஒரு பாசம். ஆனால் எங்கே வாங்கினாலும் மொத்தமாக வாங்கிவிடாதீர்கள். ஒரு டப்பா மட்டும் வாங்கி, குறியைப் பார்த்து, ஒன்றிரண்டை முழுக்க எழுதிச் சோதித்துவிட்டு, அதே கடையில் அதே வரவில் மீதியை எடுங்கள். குறியையும் போலி செய்கிறார்கள் என்பதால் இந்தச் சோதனை இல்லாமல் முடியாது. அஸோ கிடைத்தால் விலை பார்க்காமல் எடுத்து, மாஸ்டருக்கென்று தனியே வைத்துவிடுங்கள். ஒரு விழாவுக்கு மாஸ்டர் இரண்டு மூன்று தட்டுதானே! ஷாமியானாவுக்கும் மைக் செட்டுக்கும் ஆகும் செலவில் இது ஒரு மூலைக்குக் காணாது. அந்தச் செலவெல்லாம் அன்றோடு முடிந்துவிடும். அடுத்த கும்பாபிஷேகத்துக்கு மிஞ்சப்போவது இந்தத் தட்டு ஒன்றுதான்.

உறையில் 'டி.வி.டி.-ஆர்' என்று கழித்தல் குறி போட்டதா, 'டி.வி.டி.+ஆர்' என்று கூட்டல் குறி போட்டதா, எதை வாங்குவது என்று அடிக்கடி கேட்கிறார்கள். கழித்தல் வகை 1997-ல் பயனியர் கொண்டுவந்தது, கூட்டல் வகை 2002-ல் பிலிப்ஸ், சோனி தரப்பு கொண்டுவந்தது. இன்றைய பிளேயர்களுக்கு இரண்டும் ஒன்றுதான். எங்கள் கிராமங்களில் இன்னும் ஓடும் பழைய பிளேயர்களை நினைத்து நான் கழித்தல் வகையையே எடுக்கிறேன். அழித்து எழுதும் தட்டு மாஸ்டருக்கு ஆகவே ஆகாது. அதில் லேசர் வெளிச்சம் திரும்புவதே குறைவு. பாதிப் பிளேயர்கள் படிக்காமல் துப்பிவிடும்.

எழுதும் வேகத்தைப் பற்றி. 16 மடங்கு வேகம் என்று போட்ட தட்டை 8 மடங்கில் எழுதுகிறேன். முழுத் தட்டுக்கு எட்டு ஒன்பது நிமிடம் ஆகும். 16-ல் எழுதினால் இரண்டு மூன்று நிமிடம்தான் மிச்சம். அதற்காக ஓரத்தில் பிழையைக் கூட்டிக்கொள்வானேன்? மெதுவாக எழுத எழுத நல்லது என்று 1, 2 மடங்கு தேடுபவர்களும் உண்டு. வேகத்துக்கென்று செய்த சாயத்தை அவ்வளவு நேரம் சுட்டால் அதுவும் சரிப்படாது. இங்கே இன்னொன்றையும் பார்க்க வேண்டும். மின்சாரம் முறை வைத்துத்தான் வருகிறது. கழித்தல் தட்டில் எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் அந்தத் தட்டு குப்பைக்குத்தான். ஜெனரேட்டரில் எழுதும்போது அழுத்தம் ஏறி இறங்கி, வெளியே ஒன்றும் தெரியாமல் உள்ளே பிழை சேரும். மாஸ்டர் எழுதும் கணினிக்கு மட்டுமாவது ஒரு யு.பி.எஸ். இருக்கட்டும். எழுதும் நேரத்தில் அந்தக் கணினியில் வேறு எந்த வேலையும் வேண்டாம்.

எழுதி முடிந்ததும் தட்டு வெளியே வந்துவிட்டது என்று பெயர் எழுதி உறையில் போடுகிறார்களே, அதுதான் பெரிய தவறு. டி.வி.டி.யில் பிழையைத் திருத்திக்கொள்ளும் ஏற்பாடு உண்டு. ஆயிரம் பிழை இருந்தாலும் அந்த ஏற்பாடு தாங்கும்வரை படம் கண்ணாடி போல ஓடும். தாங்காத அன்று ஒரேயடியாக நின்றுவிடும். நாடாவில் படம் கொஞ்சம் கொஞ்சமாக மங்கி முன்கூட்டியே எச்சரிக்கும், தட்டு எச்சரிக்காது. அதனால் திரையில் நன்றாக ஓடுகிறது என்பதை மட்டும் வைத்து மாஸ்டரை நம்பக்கூடாது. முதலில் மூலக் கோப்போடு ஒப்பிட்டு முழுத் தட்டையும் வாசிக்க வைக்க வேண்டும். பிறகு முடிந்தால் நீரோ டிஸ்க்ஸ்பீடு போன்ற மென்பொருள் ஒன்றில் பிழையை எண்ணிப் பார்க்க வேண்டும். எல்லா ரைட்டரும் இந்த எண்ணிக்கையைத் தராது. தருவதாகப் பார்த்து ஒன்று வாங்கி வைத்தால் நல்லது. எட்டுத் தொகுதிக்கு 280 பிழை வரை டி.வி.டி.யின் தர வரையறை அனுமதிக்கிறது. புதிதாக எழுதிய மாஸ்டர் அதன் பக்கத்தில்கூடப் போகக்கூடாது. சில பத்துகளுக்குள் இருந்தால் வைத்துக்கொள்கிறேன். மென்பொருள் காட்டும் பிழை வரைபடத்தின் கோடு தட்டின் ஓரப் பகுதியில் மேலே ஏறினால் அந்தத் தட்டைக் காப்பியாகக் கொடுத்துவிட்டு, மாஸ்டருக்கு வேறு எழுதுகிறேன். கடைசியாக, எங்களிடம் இருப்பதிலேயே பழைய பிளேயரில் போட்டுக் கடைசி அத்தியாயத்தை மட்டும் ஓட்டிப் பார்ப்பேன். அதில் ஓடினால் எந்தக் கிராமத்திலும் ஓடும்.

காப்பி போடும் முறையைச் சொல்கிறேன். ஒரே நேரத்தில் பல காப்பி போட, எங்களிடம் ஏழு ரைட்டர் கொண்ட டவர் இருக்கிறது. அதில் மாஸ்டர் தட்டைப் போட்டு ஓட்டுவதில்லை. தட்டின் முழுப் பிம்பத்தை, அதாவது அதிலுள்ள அத்தனையையும் அப்படியே ஒரே கோப்பாக, ஒருமுறை ஹார்ட் டிஸ்கில் எடுத்து வைத்து, அதிலிருந்தே எல்லாக் காப்பியும் போடுகிறேன். மாஸ்டரைக் கையில் எடுப்பதே அரிதாகிவிடும். பல இடங்களில், காப்பியிலிருந்து காப்பி, அந்தக் காப்பியிலிருந்து இன்னொரு காப்பி என்று போகிறார்கள். கணினிக் கணக்கில் அது குறையாது என்று வாதம் பேசுவார்கள். பிழை திருத்த முடியாத ஓர் இடம் ஒரு தலைமுறையில் விழுந்துவிட்டால், அதை மதிக்காமல் தாண்டி எழுதும் டவர் அந்தப் பழுதை எல்லாருக்கும் பங்கு வைத்துவிடும். டவரில் ஒப்பிட்டுப் பார்க்கும் வசதி இருந்தால் நேரம் இரட்டிப்பானாலும் போட்டுவிடுங்கள். சித்திரை மாதத்தில் தொடர்ந்து ஓட்டாதீர்கள். ரைட்டர்கள் சூடேறி, கடைசி அடுக்குகள் கெட்டுப்போகும். ஊருக்குக் கொடுக்கும் காப்பிக்கு அஸோ வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிக்கமாட்டேன். சோதித்து எடுத்த நடுத்தரச் சரக்கு போதும். ஆயிரம் பிரதி வேண்டும் என்றால் அச்சில் அழுத்திச் செய்வதே மேல். அதற்கு ஆலைக்கு அனுப்பும் மாஸ்டர் இன்னும் சுத்தமாக இருக்க வேண்டும், ஏனென்றால் அதைப் பார்த்துத்தான் கண்ணாடி அச்சு எடுப்பார்கள்.

அங்கும் இங்கும் உறவு உள்ளவர்களுக்கு ஒரு சின்ன விஷயம். பர்மாத் தொலைக்காட்சி என்.டி.எஸ்.சி. முறை, வினாடிக்கு 29.97 படச் சட்டம் (பிரேம்), 480 கோடு. இந்தியாவில் பால் (பி.ஏ.எல்.) முறை, 25 படச் சட்டம், 576 கோடு. சென்னைக்கு அனுப்பும் காப்பியை வேண்டுமானால் மாற்றிக் கொடுங்கள். மாஸ்டர் எந்த முறையில் எடுக்கப்பட்டதோ அதிலேயே இருக்கட்டும். மாற்றியதைத் திரும்ப மாற்றினால் அசைவெல்லாம் வெட்டி வெட்டி வரும்.

தட்டின் மேல் காகித லேபிள் ஒட்டாதீர்கள். மழைக்காலத்தில் காகிதம் ஈரம் குடித்து ஒரு பக்கம் சுருங்க, தட்டு வளைந்து, சுற்றும்போது ஆடும். பால்பாயிண்ட் பேனாவும் கூடாது. சி.டி.யில் இது உடனே கொல்லும். அதன் படலம் மேல்பூச்சுக்கு நேர் கீழே இருக்கிறது. தண்ணீரில் கரையும் மையுள்ள மென்முனைப் பேனாவால் நடு வளையத்தைச் சுற்றி ஊர், கோயில், தேதி, எத்தனையாவது தட்டு என்று எழுதினால் போதும். ஆண்டை மறக்காமல் எழுதுங்கள். தமிழ் ஆண்டுப் பெயர் மட்டும் எழுதிய தட்டுகள் எங்களிடம் வருகின்றன. அறுபது ஆண்டில் அதே பெயர் திரும்பி வரும் என்பது ஒருபுறம் இருக்க, இன்றைய பிள்ளைகளுக்கு அந்தப் பெயர்களின் வரிசையே தெரியாது.

பத்திரப்படுத்துவதில்தான் நம் ஊர் நம்மைச் சோதிக்கிறது. அமெரிக்கத் தர நிறுவனமான நிஸ்ட் 2003-ல் வெளியிட்ட கையேட்டில், தட்டுகளை 4 முதல் 20 டிகிரிக்குள், ஈரப்பதம் 20 முதல் 50 சதவீதத்துக்குள் வைக்கச் சொல்கிறார்கள். ரங்கூனில் ஆண்டுக்கு 2500 மில்லிமீட்டருக்கு மேல் மழை. ஆனியிலும் ஆடியிலும் ஈரப்பதம் 80 சதவீதத்துக்குக் கீழே இறங்குவதே அரிது. பெலீஸ் நாட்டிலிருந்து வந்த ஒரு சி.டி.க்குள் பூஞ்சை புகுந்து பிளாஸ்டிக்கையும் உலோகப் படலத்தையும் தின்றிருந்ததை ஸ்பெயின் ஆராய்ச்சியாளர்கள் 2001-ல் கண்டார்கள். அதுவும் நம்மைப் போன்ற வெப்பமும் ஈரமும் உள்ள நாடுதான். குளிர்சாதன அறைக்கு நாம் எங்கே போவது? ஆனாலும் செய்யக்கூடியவை உண்டு. காற்றுப் புகாத மூடியுள்ள பெட்டியில், நீலம் போய் வெளிர் சிவப்பானதும் வறுத்து மறுபடி பயன்படுத்தும் சிலிக்கா ஜெல்லோடு, கெட்டியான உறையில் தட்டைச் செங்குத்தாக நிறுத்தி வையுங்கள். மெல்லிய பிளாஸ்டிக் பையில் படுக்க வைத்து அடுக்கினால் மழைக்காலத்தில் ஒட்டிக்கொள்ளும். கோயில் அலுவலகத்தில் கற்பூரப் புகை படும் அலமாரியும் வேண்டாம், சன்னலோரமும் வேண்டாம், தகரக் கூரைக்கு அடியிலுள்ள பரணும் வேண்டாம். வீட்டில் எப்போதும் இருட்டாகவும் குளிர்ந்தும் இருக்கும் மூலை ஒன்று இருக்கும். பெண்களுக்கு அது தெரியும், அங்கே வையுங்கள்.

இரண்டாவது மாஸ்டர் வேறு ஊரில் இருக்க வேண்டும். 2008 மே மாதம் நர்கீஸ் புயலில் டெல்டாவில் எத்தனை குடும்பங்களின் படங்களும் நாடாக்களும் தண்ணீரோடு போயின என்பதை நாங்கள் பார்த்தோம். ரங்கூன் கோயிலின் மாஸ்டர் ஒன்றை மோல்மேன் கோயில் வைத்துக்கொள்ளட்டும். மோல்மேனுடையதை ரங்கூன் வைத்துக்கொள்ளட்டும். சங்கங்களுக்குள் பேசி முடித்தால் செலவே இல்லை. முதலில் எடுத்த கேமராக் கோப்புகளையும், எடிட் செய்து முடித்த முழுத்தரக் கோப்பையும் ஹார்ட் டிஸ்கில் வைப்பது தனி. டி.வி.டி. என்பது சுருக்கிய வடிவம், அதிலிருந்து பிற்காலத்தில் பெரிய திரைக்குத் தேவையான தரம் வராது. வசதியுள்ளவர்கள் 25 ஜி.பி. புளூரே தட்டில் அந்தக் கோப்பை எழுதி வைக்கலாம். அதிலும் எல்.டி.எச். என்று போட்டது வேண்டாம், அது டி.வி.டி. போலவே சாயம் பூசியது. எச்.டி.எல். வகையில் அந்தச் சாயம் இல்லை. ஹார்ட் டிஸ்க் மட்டும் போதாதா என்று கேட்பார்கள். அழுத்தம் ஏறி இறங்கும் எங்கள் மின்சாரத்தில் ஹார்ட் டிஸ்க் செத்துப்போவதை அடிக்கடி பார்க்கிறேன். செத்தால் ஒரு விழா அல்ல, அதிலிருந்த எல்லா விழாவும் சேர்ந்து போகும். இரண்டும் வேண்டும்.

டெல்டாக் கோயிலின் தட்டைப் பற்றிச் சொல்லி நிறுத்தினேன். ஒரு ரைட்டர் படிக்காததை இன்னொரு ரைட்டர் படிக்கும் என்பதால் வேறு வேறு ரைட்டரில் மெதுவான வேகத்தில் மாஸ்டரை வாசிக்க வைத்தோம். டி.வி.டிசாஸ்டர் என்ற மென்பொருளில் ஒரு வசதி உண்டு. ஒரு தட்டில் படிக்காத பகுதிகளை, ஒரே பிம்பத்திலிருந்து போட்ட இன்னொரு காப்பியில் தேடி நிரப்பிக்கொள்ளும். பிளேயர் துப்பிய இரண்டு காப்பிகளில்கூட, மாஸ்டரில் இல்லாத துண்டுகள் கிடைத்தன. யாகசாலை முழுவதும் வந்துவிட்டது. குருக்களுக்கு வேண்டியது அதுதான். குடம் கவிழும் இடத்தில் சில நிமிடங்கள் இன்னும் விட்டு விட்டுத்தான் இருக்கின்றன. தலைவரின் தாயார் நின்ற பகுதியும் அதற்குள்தான் இருக்க வேண்டும்.

அதனால் உங்கள் வாசகர்களிடம் ஒன்று கேட்கிறேன். பர்மாவிலிருந்து சென்னை, திருச்சி, மதுரைப் பக்கம் வந்துவிட்ட குடும்பங்களிலும், மணிப்பூர் எல்லையில் மோரேயில் இருக்கும் நம் குடும்பங்களிலும், இங்குள்ள சொந்தங்கள் அனுப்பிய கோயில் விழாத் தட்டுகள் இருக்கும். பிளேயரில் ஓடவில்லை என்பதற்காக எறிந்துவிடாதீர்கள். கீறல் விழுந்திருந்தாலும், பாதியில் நின்றாலும் எடுத்து வையுங்கள். கணினி தெரிந்த பிள்ளை ஒருவரிடம் கொடுத்து, படிக்கிற மட்டும் பிம்பமாக எடுத்து, தட்டில் எழுதியுள்ள ஊர்ப் பெயரையும் கோயில் பெயரையும் குறித்து, அந்தக் கோயில் நிர்வாகத்துக்கு அனுப்பச் சொல்லுங்கள். இங்கே நாங்கள் வைத்திருக்கும் மாஸ்டரில் இல்லாத பகுதி உங்கள் அலமாரித் தட்டில் இருக்கலாம். மழை தொடங்குவதற்குள் செய்தால் நல்லது.

இப்படிக்கு,
வீடியோ எடிட்டிங் செய்யும் வாசகி,
ரங்கூன்.